நாச்சியாரைக் காணோம்

"பட்டரே, நாச்சியார் எங்கே ஓய்?"

"இதோ எழுந்தருளியிருக்காளே ஸ்வாமி! கண்ணு தெரியலையா உமக்கு?"

"எனக்குக் கண்ணு நன்னாத் தெரியறது. இது பூதேவி. ஸ்ரீதேவி எங்கேன்னு கேக்கறேன். யார்கிட்ட கொடுத்தனுப்பினீர்? எந்த ஊர் வரைக்கும் போயிருக்கா?"

"வார்த்தையை அளந்து பேசும் ஸ்வாமி!"

"அளப்பானேன், எண்ணினாலே போறுமே. ரெண்டு நாச்சியார் இருக்க வேண்டிய இடத்துல ஒருத்தர் இருக்கா. ஒண்ணாங்கிளாஸ் குழந்தை சொல்லும்!"

இரண்டாயிரத்து நாலாம் வருஷம் மாசி ஏகாதசிப் புறப்பாடு, சின்ன காஞ்சிபுரத்தின் ஒரு சந்தில் இருக்கும் சின்னப் பெருமாள் கோயில் வாசலில் இப்படித்தான் நின்றுபோனது. நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். கேட்டவர் சம்பத்குமார், ரிட்டையரான கணக்கு வாத்தியார், நாற்பது வருஷமாகப் பாசுரம் பாடும் பிரபந்த கோஷ்டியில் நிற்பவர். கேட்கப்பட்டவர் ராஜகோபால பட்டர், அந்தக் கோயில் அர்ச்சகர். பெருமாளோ ஒன்றும் நடக்காத மாதிரி பல்லக்கில் நின்றுகொண்டிருந்தார். நாம் பார்க்கிறபடி அவருக்கு இடது பக்கம் ஸ்ரீதேவி, வலது பக்கம் பூதேவி. இரண்டு பேரும் பட்டு உடுத்தி, பூச்சூடி, பளிச்சென்று இருந்தார்கள். தெருவே பார்த்தது. சம்பத்குமார் ஒருத்தருக்குத்தான் ஒரு நாச்சியார் குறைந்தார்.

பெண்கள் கூட்டத்தில் நின்ற அவர் மனைவி மங்கைக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. பக்கத்தில் நின்ற எதிர்வீட்டு தேவகி, "மாமாவுக்கு உடம்பு இன்னும் சரியாகலை போலிருக்கு, பாவம்" என்று அவள் காதில் ஆறுதலாகச் சொன்னாள். அதையே அன்று விளக்கு வைப்பதற்குள் பதினோரு வீட்டில் வேறு வார்த்தைகளில் சொல்லி முடித்தாள்.

உடம்பு விஷயம் உண்மைதான். தை மாசம் சம்பத்குமாருக்கு மூளையில் ரத்தக் குழாய் ஒன்று அடைத்துக்கொண்டு, இடது கையும் காலும் பத்து நாள் விளங்காமல் கிடந்தன. பிறகு இரண்டும் திரும்பி வந்துவிட்டன. டாக்டர் கையைத் தூக்கச் சொன்னார், தூக்கினார். நடக்கச் சொன்னார், நடந்தார். பதினேழு பத்தொன்பது எவ்வளவு என்று கேட்டார். முந்நூற்று இருபத்துமூன்று என்று பதில் வந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். இதற்கு மேல் ஒரு மனுஷனை என்ன சோதிப்பது?

ஆனால் வீட்டுக்கு வந்தவர் பழைய சம்பத்குமார் இல்லை. மங்கைக்கு அது தெரிந்தது, என்னவென்றுதான் தெரியவில்லை. இலையில் வலது பக்கத்தைச் சுத்தமாக வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "இன்னிக்குக் கறியமுது பண்ணலையா?" என்பார். வதக்கின காய் இடது பக்கத்தில் ஆறிப்போய்க் கிடக்கும். இலையைத் திருப்பி வைத்தால், "இப்பத்தான் போட்டியா?" என்று அதையும் சாப்பிடுவார். கண்ணாடி பார்த்துத் திருமண் இட்டுக்கொள்வார். வலது பக்கத்து வெள்ளைக் கோடும் நடுவில் சிவப்பும் இருக்கும், இடது பக்கம் நெற்றி வெறிச்சென்று இருக்கும். வடகலை தென்கலை என்று ஆளுக்கொரு கட்சி கட்டிக்கொண்டிருந்த தெருவுக்கு இந்த மூன்றாவது கலை எங்கிருந்து முளைத்தது என்று புரியவில்லை. பட்டரோடு ஏதோ மனத்தாங்கல், அதனால்தான் பாதி நாமம் என்று ஒரு பேச்சு. சாமி மேல் கோபம் என்று இன்னொரு பேச்சு. மங்கை கறியமுது பண்ணுவதையே விட்டுவிட்டாள் என்பது தேவகியின் சொந்தத் தயாரிப்பு.

மங்கைக்கு வேறொன்றுதான் உறுத்தியது. முப்பத்துநாலு வருஷமாக அவள் உட்காருவது அவருக்கு இடது பக்கம். கூடத்து பெஞ்சில், பஸ்ஸில், கல்யாணப் பந்தியில், எல்லா இடத்திலும். இப்போது அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே, "மங்கை! மங்கை! எங்கே போய்த் தொலைஞ்சா இவ?" என்று கூப்பிடுகிறார். முதலில் கோபமாக்கும் என்று நினைத்தாள். தான் என்ன செய்தோம் என்று முப்பத்துநாலு வருஷத்தையும் கிளறிப் பார்த்து, கோபத்துக்குத் தகுந்ததாக ஐந்தாறு சங்கதி கிடைக்கவும் செய்து, அதற்கு மேல் கிளறுவதை நிறுத்திக்கொண்டாள்.

சண்டைக்கு மறுநாள் காலையில் ராஜகோபால பட்டர் நேரே வந்து, சம்பத்குமாரின் தோளைப் பிடித்துக் கோயிலுக்கு அழைத்துப் போனார். சன்னதியின் இடது ஓரத்தில், சுவரை ஒட்டி நிற்க வைத்து, "இப்போ சொல்லும்" என்றார்.

சம்பத்குமார் பார்த்தார். "ஓ! விடியறதுக்குள்ள கொண்டுவந்து வெச்சாச்சா?"

சம்பத்குமார் தன் வழக்கமான இடத்துக்கு, நடுவில், வந்து நின்றார். "பார்த்தீரா, மறுபடி காணோம்! என்ன வித்தை ஓய் காட்டறீர்? நாச்சியார் நிரந்தரமா திரும்பி வர வரைக்கும் இந்த வாசப்படியை மிதிக்க மாட்டேன்."

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து அறநிலையத் துறை அதிகாரிகளுக்கு ஒரு மனு எழுதினார். ஊர் சாமியை விற்றுத் தின்னும் அர்ச்சகர் என்று ஆரம்பித்து இரண்டு பக்கம். எழுத்தெல்லாம் தாளின் வலது பாதியில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. இடது பாதியில் ஒரு புள்ளிகூட இல்லை. கவரில் போட்டு ஒட்டி, ஸ்டாம்ப் போட்டு, "ரிஜிஸ்தர் பண்ணிடு" என்று மங்கையிடம் கொடுத்தார். "பங்குனி உத்திரத்துக்குள்ள பதில் வரலைன்னா நானே நேர்ல போய் நிக்கறேன்."

மங்கை அதைக் கொண்டுபோய்க் கடுகு டப்பாவில் போட்டாள்.

அவள் அவருக்குத் தெரியாமல் செய்த முதல் காரியம் அது என்று சொல்ல முடியாது. ஆனால் முதல் பெரிய காரியம். பட்டருடைய பெண் சிந்துஜாவுக்கு வாலாஜாபாத்தில் வரன் நிச்சயமாகிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் பங்குனி உத்திரத்தன்று வந்து, பெருமாளைச் சேவித்துவிட்டு, கல்யாண நாள் குறிப்பதாக ஏற்பாடு. வாலாஜாபாத் என்ன தூரமா? அரை மணி பஸ். சிலை திருடினவர் பெண் என்று ஒரு வார்த்தை அந்த பஸ்ஸில் ஏறினால் போதும். சிந்துஜா பிறந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து கையில் வாங்கி வந்தவள் மங்கை. அந்த மனு போகக் கூடாது. போகாமல் இருப்பது மட்டும் போதாது, உத்திரத்தன்று இவர் தெருவில் நின்று, சம்பந்திகள் எதிரில், "நாச்சியார் எங்கே?" என்று கேட்காமலும் இருக்க வேண்டும். டப்பாவில் போட்டு மூட மனுஷன் கடிதாசு இல்லையே.

தினமும் காலையில் சம்பத்குமார் கேட்பார்: "அக்னாலட்ஜ்மெண்ட் வந்துதா?"

"வரும்" என்பாள் மங்கை, தாளித்துக்கொண்டே.

ஒரு வாரம் கழித்து இருவரும் மாத்திரை வாங்க பஸ் ஸ்டாண்டு பக்கம் போனபோது, ஒரு பெண் ஓடி வந்து, "சார், வணக்கம்! நல்லா இருக்கீங்களா?" என்றாள். சம்பத்குமார் திரும்பவே இல்லை. அந்தப் பெண் இன்னொரு தரம் கூப்பிட்டாள். அவர் வலது பக்கம் திரும்பி யாரென்று தேடினார். சாதாரணமாக யாராயிருந்தாலும் முகம் சுருங்கிப் போயிருப்பார்கள். இந்தப் பெண் ஒன்றும் பேசாமல், அவரைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் போய் நின்றாள்.

"அடே, சுகாசினி! எப்போ வந்தே?"

சுகாசினி அவரிடம் பத்தாவதில் கணக்கில் தொண்ணூற்றெட்டு வாங்கினவள். மீதி இரண்டு மார்க்கை ஏன் குறைத்தீர்கள் என்று ஸ்டாப் ரூமுக்கே வந்து கேட்டவள். இப்போது சென்னையில் பிசியோதெரபி படித்து முடித்து, மூளை அடிபட்டவர்களைக் கம்ப்யூட்டர் வைத்துப் பழக்குகிற ஏதோ ஆராய்ச்சியில் சேர்ந்திருந்தாள்.

மருந்துக் கடையில் சம்பத்குமார் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தபோது மங்கையைத் தனியாக இழுத்தாள். "எவ்ளோ நாளாமா சார் இப்படி இருக்குறாரு?"

"எப்படி?"

"இடது பக்கம்னு ஒண்ணு இருக்குறதே அவருக்குத் தெரியலைமா. கண்ணு நல்லாதான் இருக்குது. பாக்குறதை மூளை கணக்குல எடுத்துக்க மாட்டேங்குது. நான் இந்தப் பக்கம் நின்னு கூப்பிட்டுக்கினே இருக்கேன், சார் அந்தப் பக்கம் தேடிக்கினு இருக்குறாரு."

மங்கை மருந்துக் கடை வாசலிலேயே அழுதுவிட்டாள். சுகாசினி பயந்துபோய், "இதுக்குப் பயிற்சி இருக்குதுமா" என்றாள். மங்கை அழுதது அதற்கில்லை. கோபமில்லை என்று தெரிந்ததற்கு.

ஞாயிற்றுக்கிழமை சுகாசினி வீட்டுக்கு வந்தாள். தேவகியும் தயிருக்கு உறை கேட்டு வந்தாள், வந்தவள் போகவில்லை.

"சார், கண்ணை மூடிக்கோங்க. தெரு முனையில நின்னு கோயிலைப் பாக்குறதா நெனைச்சுக்கோங்க. என்னென்ன வீடு தெரியுது, சொல்லுங்க."

சம்பத்குமார் கடகடவென்று சொன்னார். ஜோசியர் வீடு, மாவு மிஷின், பட்டர் வீடு, பூட்டின வீடு, தன் வீடு. எல்லாம் வலது சாரி.

"வேற?"

"அவ்வளவுதான்."

"ஏன், நாங்கள்லாம் குடியிருக்கலையா?" என்றாள் தேவகி. "பெருமாளுக்கு நாச்சியார் போனா, இப்போ எங்காத்தையும் தூக்கிண்டு போயிட்டாளா?"

"சும்மா இருடி" என்றாள் மங்கை.

"சார், இப்போ கோயில் வாசல்ல நிக்கிறீங்க. தெரு முனையைப் பாத்துக்கினு. இப்ப சொல்லுங்க."

சம்பத்குமார் கண்ணை மூடியபடியே தேவகி வீடு, நூல் கடை, தறிக்காரர் வீடு, வக்கீல் வீடு என்று எதிர்ச்சாரி முழுக்க ஒப்பித்தார். தன் வீட்டைச் சொல்லவில்லை. அவர் சொந்த வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு, அந்த வீட்டைத் தெருவிலிருந்து எடுத்துவிட்டார்.

தேவகிகூட வாயை மூடிக்கொண்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மனசுக்குள் இருக்கிற தெருவிலும் இடது பக்கம் இருட்டு. மங்கைக்கு ஒன்று தோன்றியது. இந்த மனுஷர் நினைத்துப் பார்க்கிறபோதுகூட, நான் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேனோ?

அடுத்த ஞாயிறு ஒரு வேனில் கம்ப்யூட்டர், ஸ்டெபிலைசர், ஒரு ஹெல்மெட் எல்லாம் வந்து இறங்கின. கூடவே இளங்கோவன் என்று, அதற்கெல்லாம் புரோகிராம் எழுதும் பையன், சுகாசினியின் ஆராய்ச்சிக் கூட்டாளி. ஹெல்மெட்டுக்குள்ளே கண்ணுக்கு நேராக இரண்டு குட்டித் திரை. தலையைத் திருப்பினால் படமும் திரும்பும். கையில் வீடியோ கேம் ஆடுகிற மாதிரி ஒரு பிடி; அதைத் தள்ளினால் நடக்கலாம். எந்தப் பக்கம் எத்தனை நேரம் பார்த்தார் என்று கம்ப்யூட்டர் தானே குறித்துக்கொள்ளும். முதலில் போட்டது ஏதோ வெளிநாட்டுத் தெரு. காரில் அடிபடாமல் கடக்க வேண்டும்.

"இது எந்த ஊர்?" என்றார் சம்பத்குமார் உள்ளேயிருந்து. "ஒரு மாடுகூடக் காணோம். ஆளே இல்லாத ஊர்ல நான் எதுக்குத் தெருவைக் கடக்கணும்?"

இடது பக்கமிருந்து வந்த கார் அவரை ஏழு தரம் இடித்தது. ஏழு தரமும், "ஒளிஞ்சிருந்து வரான்" என்று காரோட்டி மேல் பழி போட்டார்.

சுகாசினி உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். பிறகு மங்கையிடம் வந்து, "சாருக்குத் தன்கிட்ட குறை இருக்குதுன்னே தெரியலைமா. அது தெரியாம என்ன பழக்கினாலும் ஏறாது. அவரு எதை விட்டுக் குடுக்கவே மாட்டாரோ, அதை வெச்சுத்தான் காட்டணும். அந்தச் சன்னதியைக் கம்ப்யூட்டர்ல கட்டிட்டா?" என்றாள்.

"கட்டி?"

"உள்ள போயி, பெருமாளுக்குப் பின்னால நின்னு திரும்பிப் பாக்க வைக்கணும். பின்னாலேந்து பாத்தா இடது வலதாயிடும். யாரோ ஒளிச்சு வெச்சாங்கன்னு சொல்ல முடியாது. அங்க யாரும் கை வைக்க முடியாது, பிடி அவரு கையிலதான் இருக்கும்."

மங்கை அவளையே பார்த்தாள். கருவறைக்குள் அர்ச்சகர் தவிர யாரும் போகக் கூடாது. கோஷ்டியில் நாற்பது வருஷம் நின்றாலும் படி தாண்டக் கூடாது. படம் பிடிக்கவும் கூடாது. இதற்கெல்லாம் அனுமதி தர வேண்டியவரோ, திருடன் என்று பெயர் வாங்கின அதே ராஜகோபால பட்டர்.

கடுகு டப்பாவிலிருந்து மனுவை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு மங்கை பட்டர் வீட்டுக்குப் போனாள்.

"என்னைத் திருடன்னு சொன்னவருக்கு நான் சன்னதியைத் திறந்து விடணும், அப்படித்தானே?" என்றார் பட்டர். "பேஷா இருக்கு!"

மங்கை கவரை எடுத்து எதிரில் வைத்தாள். "போஸ்ட் பண்ணுன்னார். பண்ணலை. பதினாறு நாளா எங்காத்துக் கடுகுல கிடக்கு. நீங்களே கிழிச்சாலும் சரி, படிச்சாலும் சரி."

பட்டர் கவரைத் தொடவில்லை. "மங்கை, ஒண்ணு கேக்கறேன். அந்தப் பெட்டிக்குள்ள இருக்கப் போறது பெருமாளா, இல்லையா? பெருமாள் இல்லேன்னா யார் வேணா போகலாம், என்னைக் கேக்கவே வேண்டாம். பெருமாள்னா போகக் கூடாது, நான் சொன்னாலும் கூடாது."

"எனக்குத் தெரியலை அண்ணா. ஆனா அவர் பெருமாள்னு நினைச்சாத்தான் உள்ளே போகத் தயங்குவார். தயங்கினாத்தான் நிஜம்னு நம்புவார்."

பட்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வாத்தியார் பொண்டாட்டின்னு காட்டறே பார்" என்றார்.

நிபந்தனைகள் போட்டார். படம் கிடையாது. அளவு தன் கையால் ஜாண் போட்டுச் சொல்வார். யாருக்கும் முகம் வரையக் கூடாது. பெருமாளுக்கு மஞ்சள் வஸ்திரம், ஸ்ரீதேவிக்குச் சிவப்பு, பூதேவிக்குப் பச்சை, அவ்வளவே. மறுநாள் சுகாசினி நோட்டுப் புத்தகத்தோடு படிக்கு வெளியே நின்றாள், பட்டர் உள்ளேயிருந்து "நிலைவாசல் ஆறு ஜாண், அகலம் மூணரை" என்று குரல் கொடுத்தார். அந்தப் பெண்ணின் பாட்டன் காலத்தில் அவர்கள் ஜனங்கள் இந்தத் தெரு முனையைத் தாண்டினது கிடையாது. இப்போது அவள் கருவறையே கட்டிக்கொண்டிருந்தாள். தேவகி இதைப் பார்த்துவிட்டு யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று அவளுக்கே தெரியவில்லை.

கட்டி முடிக்க ஒரு வாரம் ஆயிற்று. உத்திரத்துக்கு எட்டே நாள் இருந்தது. சம்பத்குமார் ஹெல்மெட் மாட்டுவதற்கு முன் எழுந்து போய்க் கால் கழுவிக்கொண்டு வந்தார். பாதித் திருமண்ணும் புதிதாக இட்டுக்கொண்டார். பட்டர் வந்தார், உட்காரச் சொன்னால் உட்காரவில்லை, நிலைப்படியிலேயே நின்றார்.

"சார், வெறும் சன்னதி. யாரை எங்க வைக்கணும்னு நீங்களே சொல்லுங்க."

"நடுவுல பெருமாள். அவர் திருக்கைக்கு வலப்பக்கம் ஸ்ரீதேவி. இடப்பக்கம் பூதேவி."

"வெச்சாச்சு. இனிமே நாங்க யாரும் தொட மாட்டோம்."

சம்பத்குமார் நடந்தார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே, கட்டை விரலால் நடந்தார். படி வந்ததும் நின்றார்.

"பெருமாள் இருக்கார். பூதேவி இருக்கா." குரல் ஏறியது. "ஸ்ரீதேவி இல்லை! இதுலயும் எடுத்தாச்சா?"

"பிடி உங்க கையில இருக்குது சார். உள்ள போயிப் பாருங்க."

"அடியேன் உள்ளே போகக் கூடாது."

ஸ்டெபிலைசர் மட்டும் ரீங்காரம் போட்டது. மங்கை பட்டரைப் பார்த்தாள்.

"போங்கோ ஸ்வாமி" என்றார் பட்டர் நிலைப்படியிலிருந்து. "நான் சொல்றேன், போங்கோ."

சம்பத்குமாரின் உதடுகள் அசைந்தன. என்ன சொல்லிக்கொண்டாரோ. கட்டை விரல் முன்னே தள்ளியது. படி தாண்டி, தூண் தாண்டி, பெருமாளின் முதுகுப் பக்கம் போய், மெதுவாகத் திரும்பினார்.

"இதோ!" என்று கத்தினார். "இதோ இருக்காளே! சிவப்புப் புடவை! இங்கேயே இருக்கா பட்டரே!" சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "பூதேவி எங்கே?"

முன்னால் வந்தார். பூதேவி இருந்தாள், ஸ்ரீதேவி இல்லை. பின்னால் போனார். ஸ்ரீதேவி இருந்தாள், பூதேவி இல்லை. முன்னால். பின்னால். அவர் பிள்ளைகளிடம் சொல்வது வழக்கம், விடை பிடிக்கவில்லை என்பதற்காக அதை அடிக்காதே, வந்த வழியைத் திரும்பிப் பார் என்று. வந்த வழியைத்தான் அவர் இப்போது பார்த்துக்கொண்டிருந்தார். நாலாவது தரம் கட்டை விரல் நின்றுவிட்டது.

"மூணு பேரையும் நானே வெச்சேன்" என்றார், வகுப்பில் கரும்பலகை முன்னால் பேசுகிற குரலில். "யாரும் எடுக்கலை. எந்தப் பக்கம் நின்னாலும் ஒருத்தர் குறையறா. எப்பவும் ஒரே பக்கம், என் இடது கைப் பக்கம்." மூச்சு விட்டார். "மங்கை, நீ இப்போ எங்கே இருக்கே?"

"உங்க இடது பக்கம்."

"எத்தனை நேரமா?"

"முப்பத்துநாலு வருஷமா" என்றாள் மங்கை.

ஹெல்மெட்டுக்குள் அவர் முகம் தெரியவில்லை. அதைக் கழற்றச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. கடைசியில் அவரே பேசினார். "அந்த மனு. அதைத் திரும்ப வாங்க முடியுமா?"

"போடவே இல்லை."

"அக்னாலட்ஜ்மெண்ட் வரும் வரும்னு தினமும் சொன்னியே!"

"சொன்னேன்."

"ராட்சசி" என்றார் சம்பத்குமார். அதில் இருந்த நிம்மதியைக் கேட்டுப் பட்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தெரிந்துகொண்டதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தால் தப்பு. தெரு அப்படித்தான் நினைத்தது; கம்ப்யூட்டர் ஆபரேஷன் ஆகிவிட்டது என்று ஒரு கதைகூட ஓடியது. குறை இருக்கிறதென்று அவருக்கு இப்போது தெரியும், அவ்வளவுதான். கறியமுது பழையபடி மிஞ்சியது. சுகாசினி லீவு போட்டு வந்து தினமும் அந்தச் சன்னதிக்குள் அவரை நடத்தினாள். இடது ஓரத்தில் ஒரு விளக்கை எரியவிட்டு, அது கண்ணில் படும்வரை தலையைத் திருப்பச் சொன்னாள். "தோள்ல இருக்குற உத்தரீயத்துல தாவாக்கட்டை படணும் சார். பட்டாத்தான் முழுசாத் திரும்புனீங்கன்னு அர்த்தம்." ஒரு நாள் பட்டது, மூன்று நாள் படவில்லை.

பங்குனி உத்திரத்தன்று வாலாஜாபாத்காரர்கள் ஒன்பது பேர் வந்து முன்வரிசையில் நின்றார்கள். சிந்துஜா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். பெருமாள் இரண்டு பக்கமும் உபயநாச்சியாரோடு எழுந்தருளினார். சம்பத்குமார் சபதத்தை விட்டு வாசலுக்கு வந்து, தன் இடத்தில் நடுவில் நின்றார். மங்கை அவருக்கு இடது பக்கம், இரண்டடி தள்ளி. தேவகி எல்லோரும் தெரியும்படி சுவரோரத் திண்ணையில் ஏறி நின்றுகொண்டிருந்தாள்.

சம்பத்குமார் பெருமாளைப் பார்த்தார். பூதேவியைப் பார்த்தார். தலை இடது பக்கம் மெதுவாகத் திரும்பத் தொடங்கியது. பாதி வழியில் நின்றது. தாவாக்கட்டை உத்தரீயத்தைத் தொடவில்லை. நாலு விரற்கடை இடைவெளி இருந்தது, மங்கை கண்ணால் அளந்தாள்.

அவர் கை கூப்பினார். "ஸ்ரீதேவி பூதேவி ஸமேதனா எவ்வளவு நன்னா எழுந்தருளியிருக்கார் பட்டரே!" என்றார், தெருக்கோடிவரை கேட்கும்படி. "ரெண்டு நாச்சியாருக்கும் புடவைக் கட்டு கச்சிதம். அன்னிக்கு நான் சொன்னது தப்பு. எல்லார் எதிரிலயும் சொல்றேன், என் தப்பு."

ராஜகோபால பட்டர் சடாரியை அவர் தலையில் வைத்தார். நாதஸ்வரக்காரர் யாரும் சொல்லாமலே மல்லாரியை எடுத்தார்.

"பார்த்துட்டார், பார்த்துட்டார்!" என்று தேவகி கீழே குதித்து ஓடி வந்து மங்கையின் கையைப் பிடித்தாள். "நிஜமாப் பார்த்தாரோன்னோ?"

"பார்த்தார்" என்றாள் மங்கை.

வீட்டுக்கு வந்த பிறகும் அவள் அவரிடம் கேட்கவில்லை. அவராகச் சொல்லவும் இல்லை. கண்ணில் படாத ஒருத்தியை, இருக்கிறாள் என்று ஊரறியச் சொல்வதற்கு ஒரு மனுஷனுக்கு எவ்வளவு வேண்டியிருக்கும் என்று மட்டும் யோசித்துப் பார்த்தாள். அன்று கூடத்து பெஞ்சில் இடது பக்கமே உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, அவர் பார்க்காமலே கையை நீட்டி, இருக்கிறாளா என்று தடவிப் பார்த்தார்.

சிந்துஜாவுக்கு வைகாசியில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைக்கு பேங்கில் மாற்றல் ஆகி இருவரும் நாக்பூர் போனார்கள். சுகாசினி தன் ஆராய்ச்சிக் கட்டுரையில் சம்பத்குமாரை ஏழாம் நம்பர் நோயாளி என்று எழுதினாள். ஏழு பகா எண், அதனால் பரவாயில்லை என்றார் அவர். அவள் இளங்கோவனைத்தான் கட்டிக்கொண்டாள். தெருவுக்கு இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்று தேவகிக்கு மனக்குறை. இருவரும் சிங்கப்பூர் போய்விட்டார்கள். போகுமுன் சன்னதியைக் கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிடச் சொல்லிப் பட்டர் கேட்டுக்கொண்டார், அவர்களும் அழித்தார்கள்.

மறு வருஷம் தேவகி வீட்டைப் பூட்டிக்கொண்டு தாம்பரத்தில் மகனோடு இருக்கப் போனாள். யாரிடமும் சொல்லாமல், ஒரு மத்தியானம், ஆட்டோ வைத்துக்கொண்டு போனாள். தன்னைப் பற்றித் தெரு பேசுவது மட்டும் அவளுக்குப் பிடிக்காது. இரண்டு நாள் யாரும் கவனிக்கவில்லை. மூன்றாம் நாள் கோயிலிலிருந்து திரும்பிய சம்பத்குமார் தன் வீட்டு வாசலில், தெருவுக்கு இடது தோளைக் காட்டி நின்றார். செருப்பைக் கழற்றினார். எதிர்வீடு அவருக்கு நேர் இடது பக்கம் இருந்தது. தலையை மெதுவாக அந்தப் பக்கம் திருப்பினார். தாவாக்கட்டை உத்தரீயத்தில் நன்றாகப் பதிந்தது.

"மங்கை" என்று கூப்பிட்டார். "எதிராத்துல பூட்டு தொங்கறதே. தேவகி எங்கே?"